பசந்தர் ஆற்றங்கரையும் நம் ஓவிய அறையும்

நம் பள்ளிக் கண்காட்சிக்காக நாங்கள் நால்வர் ஓவிய அறையில் செய்த போர்க்களக் காட்சி மாதிரியைப் பற்றி இம்மலரில் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். 1971ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் போரில், டிசம்பர் 15ஆம் நாள் இரவு, சக்கர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்த நம் படைக்காகக் கண்ணிவெடி வயலின் நடுவே வழி திறந்த சாப்பர்கள் எனப்படும் படைப் பொறியாளர்கள்தாம் அதன் நாயகர்கள்.

வேலூர்ப் பிள்ளைகளுக்குப் பட்டாளம் என்பது தொலைவான செய்தியன்று. கம்மவான்பேட்டையில் பட்டாளத்துக்காரர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டோ, முதல் உலகப் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றதையும் அவர்களுள் 14 பேர் உயிர் நீத்ததையும் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. எங்களுள் ஒருவனின் தந்தையாரும் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

முதலில் நாங்கள் விரும்பியது டாங்கிச் சண்டையைத்தான். 21 வயதில் ஃபமகுஸ்தா என்னும் தம் செஞ்சுரியன் டாங்கியிலேயே வீரமரணம் அடைந்து பரம் வீர் சக்ரா பெற்ற அருண் கேத்தர்பாலின் கதை எங்களை அவ்வளவு ஈர்த்திருந்தது. ஓவிய ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார். 1/72 அளவில், அதாவது உண்மையில் எழுபத்திரண்டில் ஒரு பங்காக, டாங்கிகளுக்கு இடையே ஆயிரம் மீட்டர் தொலைவைக் காட்ட ஏறத்தாழ 14 மீட்டர் நீளம் வேண்டும்; எங்களிடம் இருந்த பலகையின் நீளமோ 60 சென்டிமீட்டர்; அதில் அடங்குவது 43 மீட்டர் நிலம் மட்டுமே. அந்த இடத்திற்குள் இருதரப்பு டாங்கிகளையும் மூக்கோடு மூக்கு நிறுத்தினால் அது பொய்யாகிவிடும் என்றார். ஆனால் கண்ணிவெடி வயலில் வெட்டிய பாதையின் ஒரு துண்டு அதே பலகையில் உள்ளபடியே அடங்கும். பாதி வழிதான் திறந்திருந்தது. எதிரி டாங்கிகள் நடமாடுவதாக அக்கரையிலிருந்து செய்தி வந்துவிட்டது. மீதி வயலைப் பூனா ஹார்ஸ் என்னும் டாங்கிப் படையினர் அப்படியே கடக்கத் துணிந்தார்கள். அத்துணிவுக்குச் சற்று முந்திய கணத்தையே எங்கள் காட்சியாகக் கொண்டோம். இன்றுவரை நான் செய்த மாதிரிகள் அனைத்திலும் இதைவிடச் சிறந்த தேர்வு வேறில்லை என்பதே என் எண்ணம்.

நிலத்தை முதலில் செய்தோம். பாலாற்று மணல் இந்த அளவுக்கு உதவாது. ஒரு மில்லிமீட்டர் மணல் 1/72இல் ஏழு சென்டிமீட்டர்க் கல்லாகத் தெரியும். ஆகவே ஏரி வண்டலைக் காயவைத்து இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, ஃபெவிகால் கலந்த நீரில் குழைத்துப் பூசினோம். ஐம்பது டன்னுக்கு மேற்பட்ட வண்டி வயல் மண்ணில் அழுந்தித்தான் நிற்கும் என்பதால், பூச்சு ஈரமாக இருக்கும்போதே அட்டை டாங்கிகளை அதில் அழுத்தித் தடம் பதித்தோம். ஆற்றோரத்து நாணலுக்குப் பூந்துடைப்பத்தின் நுனி, பாதை எல்லையைக் குறிக்கும் வெள்ளை நாடாவுக்குத் தையல் நூல்.

டாங்கிகளைப் பற்றி விரித்துச் சொல்ல அதிகமில்லை. பக்கத்திற்கு ஆறு சட்டைப் பொத்தான்கள் சக்கரங்களாயின. செஞ்சுரியனின் பக்கத் தகடு அவற்றின் மேற்பாதியை மறைத்துவிடுவது எங்களுக்குப் பெரிய உதவி. பேனா ரீஃபில் பீரங்கிக் குழலாயிற்று.

மனித உருவங்களில்தான் முழு உழைப்பும் சென்றது. இந்த அளவில் ஓர் ஆள் 24 மில்லிமீட்டர் உயரம். மின்விசிறிச் சுருளின் செம்புக் கம்பியை எலும்பாக வளைத்து, அதன்மேல் எம்-சீல் என்னும் ஒட்டுப்பசையைப் பொதிந்து ஊசிமுனையால் உருக்கொடுத்தோம். தொடங்குமுன் நண்பனின் தந்தையார் அறைக்கு வந்து, சிமெண்டுத் தரையில் குப்புறப் படுத்து, சைக்கிள் ஸ்போக் கம்பி ஒன்றைக் கையில் பிடித்து, மண்ணுக்குள் இருக்கும் கண்ணிவெடியைக் குத்தித் தேடும் விதத்தைக் காட்டினார். முழங்கைகள் இரண்டும் தரையில் ஊன்றியிருந்தன. கம்பி தரையோடு நன்றாகச் சாய்ந்திருந்தது. “தம்பி, நிமிர்த்திக் குத்தினா வெடியோட தலைமேலயே படும். சாய்ச்சு விட்டாதான் பக்கத்துல தட்டும், கைக்குத் தெரியும்” என்றார். பிறகு அடுத்த அடிக்கு நகராமல், விரலிடை விட்டு விரலிடையாக அதே கம்பியால் தரையைத் தடவிக்கொண்டே போனார். நாங்கள் செய்த சாப்பர்கள் அனைவரும் அன்று அவர் படுத்த கிடையிலேயே அமைந்தார்கள். பின்னால் வரிசையாக நிற்கும் டாங்கிகளின் முன் அவ்வுருவங்கள் அத்தனை சிறியனவாகத் தெரிந்தது காட்சிக்கு உயிர் கொடுத்தது.

இங்கிலாந்துக்கு வந்தபின் பொவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் செஞ்சுரியனை அருகில் நின்று பார்த்தேன். அதன் தடச்சங்கிலியின் அகலத்தைக் கண்டபோது, அதன் முன்னே மண்ணில் படுத்திருந்தவர்களின் நெஞ்சுரம் இன்னதென்று விளங்கியது. இப்போது அதே பாதையை 1/35 அளவில் மீண்டும் செய்துவருகிறேன். அந்த அளவில் ஆள் ஐந்து சென்டிமீட்டர் உயரம் வருவதால் கம்பியைப் பிடித்த விரல்களைக்கூடத் தனித்தனியே செதுக்க முடிகிறது. அதற்காகவே அதைத் தேர்ந்தேன். அடுத்த ஒன்றுகூடலில் பலகையை மேசைமேல் வைப்பேன். பட்டாளத்து வீடுகளில் பிறந்து வளர்ந்த நம் நண்பர்கள், படுத்த கிடையிலோ கைப்பிடியிலோ திருத்த வேண்டியது இருந்தால் அங்கேயே சொல்ல வேண்டுகிறேன்.