7.2 கிலோவிலிருந்து 5.2 வரை: பிடிவாதக்காரப் பூனையோடு 46 வாரங்கள்

செம்பன் ஆறு வயது நாட்டுப் பூனை. கருத்தடை செய்த கடுவன். முதன்முதலில் எடை பார்த்த அன்று 7.2 கிலோ. வீட்டுக்கு வருகிறவர்கள் "கொழுகொழுன்னு இருக்கான்" என்று தூக்கிக் கொஞ்சுவார்கள். ஆனால் இடுப்புக்கு மேல், வால் தொடங்கும் இடத்தில் முடி சடை பிடித்துப் பொடுகு தட்டியிருந்தது. உடல் பெருத்த பூனைக்கு நாக்கு அந்த இடத்தை எட்டாது. எடைக்கல்லுக்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிடும் அறிகுறி அதுதான்.

தொங்குகிற வயிற்றை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒல்லியான பூனைக்கும் பின்கால்களுக்கு முன்னால் தளர்ந்த தோல் மடிப்பு இயல்பாகவே உண்டு. விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். உங்கள் கையை விரித்து வைத்துப் புறங்கை எலும்பைத் தடவினால் எப்படி இருக்குமோ, அப்படித் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. உள்ளங்கைப் பக்கம்போல மெத்தென்று இருந்து, அழுத்தித் தேடினால்தான் விலா கிடைக்கிறது என்றால் பருமன். மேலிருந்து பார்க்கையில் இடுப்பு சற்று ஒடுங்க வேண்டும். செம்பனுக்கு அந்த இடம் வெளியே பிதுங்கியிருந்தது.

தீனியில் கை வைக்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. பருமனான பூனைக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். சிறுநீரகம், கல்லீரல் நிலையும் தெரிந்திருக்க வேண்டும். கொண்டுபோகும் கூடையை ஒரு வாரம் முன்பே ஹாலில் பழைய துண்டு விரித்துத் திறந்து வைத்துவிடுங்கள். 7 கிலோப் பூனையை முன்வாசல் வழியாகத் திணிக்க முடியாது. மேல்பக்கம் திறக்கும் கூடைதான் சரிப்படும்.

இனிச் சொல்வது எல்லாவற்றையும்விட முக்கியம். பூனையைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர முடியாது. "பசிச்சா தானா சாப்பிடும்" என்பது குண்டுப் பூனை விஷயத்தில் ஆபத்தான பேச்சு. தீனி அடியோடு நின்றால் உடம்பின் கொழுப்பு மொத்தமாகக் கல்லீரலுக்கு வந்து தேங்கிவிடும். சில நாட்களிலேயே கல்லீரல் செயலிழக்கலாம். 24 மணி நேரம் ஒன்றும் தின்னவில்லை என்றால் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். இரண்டாவது நாளும் தின்னவில்லை என்றால் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். ஈறு, காதின் உட்புறம் மஞ்சளாவது, எச்சில் ஒழுகுவது, வாந்தி இவை தெரிந்தால் நாள் கணக்கே பார்க்க வேண்டாம். எடை குறையும் வேகம் வாரத்துக்கு அரை முதல் ஒரு சதவீதம். 7.2 கிலோவுக்கு அது 36-லிருந்து 72 கிராம்தான்.

கணக்கு இப்படி. சேர வேண்டிய எடையை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பன் எலும்பு அகன்றவன் என்பதால் 5 கிலோ. அதன் 0.75 அடுக்கை 70-ஆல் பெருக்கினால் 234 கிலோகலோரி. சும்மா இருக்கும் உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியது அவ்வளவு. போனிலுள்ள கால்குலேட்டரே இதைப் போடும். எடை குறைக்க அதில் 80 சதவீதம், அதாவது 187. இது தொடக்கக் கணக்குதான். இதை மருத்துவரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகே தொடங்குங்கள்.

நம் ஊரில் விற்கும் பாக்கெட்டுகள் பலவற்றில் கலோரி அச்சிட்டிருக்காது. புரதத்தை 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் மாவுச்சத்தை 3.5-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்கான கிலோகலோரி வந்துவிடும். மாவுச்சத்தையும் போட்டிருக்க மாட்டார்கள். 100-இலிருந்து புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் எல்லாவற்றையும் கழித்தால் கிடைப்பது அது. சாம்பல் இல்லையென்றால் 8 என்று வையுங்கள். செம்பனின் ட்ரை ஃபுட்டில் புரதம் 32, கொழுப்பு 14, நார் 4, ஈரம் 8. மாவுச்சத்து 34 வந்தது, மொத்தம் 350. ஆக, ஒரு நாளைக்கு ட்ரை ஃபுட் 32 கிராம் (112), 80 கிராம் ஈரத் தீனிப் பவுச் ஒன்று (65), உப்பில்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி 6 கிராம் (10).

32 கிராம் என்பது ஒரு கைப்பிடிகூட வராது. இதைக் கிண்ணத்தாலோ டம்ளராலோ அளந்தால் 10 கிராம் கூடுவது கண்ணுக்கே தெரியாது. ஆனால் அந்த 10 கிராம் நாள் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு. சமையலறை டிஜிட்டல் தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

முதல் வாரம் எதையும் குறைக்காமல் யார் யார் என்னென்ன போடுகிறார்கள் என்று மட்டும் எழுதிவையுங்கள். செம்பனின் கணக்கு 400-ஐத் தாண்டியது. 100 மில்லி பால் மட்டுமே 65. பாட்டி தட்டிலிருந்து வைக்கும் இரண்டு கரண்டி தயிர்சாதம் 45. பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குப் பால் சரியாகச் செரிக்காது, தண்ணீர் போதும். மீன்குழம்பில் பிசைந்த சோறு எடைக்காக மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுக்காகவும் கூடாது; இரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். மத்தி, நெத்திலியைப் பச்சையாகப் போட்டுக்கொண்டே இருந்தால் அதிலுள்ள ஒரு நொதி பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். வேகவைத்தால் அந்தப் பயம் இல்லை. 400-இலிருந்து ஒரே நாளில் 187-க்கு இறங்கக் கூடாது. எழுதிவைத்த வாரம் முடிந்ததும் ஒரு வாரம் பாலை நிறுத்தி, அடுத்த வாரம் சோற்றையும் நிறுத்தி, பிறகு இரண்டு வாரத்தில் ட்ரை ஃபுட்டைப் படிப்படியாகக் குறைத்தால் வயிறும் குணமும் கெடாது.

வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் பாசத்தில் போடுவார்கள். யாரையும் கோபித்துக்கொள்வதால் பயனில்லை. காலையில் ஒருவர் அளந்து ஒரு சிறிய டிபன் டப்பாவில் அன்றைய பங்கைப் போட்டு வைக்க வேண்டும். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். பாட்டியின் மகிழ்ச்சிக்கு அந்த 6 கிராம் கோழிக்கறி. அதைப் பிய்த்துப் பத்துத் துணுக்காக்கினால் பத்து முறை கொடுக்கலாம். பூனைக்கு அளவைவிட எத்தனை முறை கிடைத்தது என்பதுதான் பெரிது. மீதித் தீனியை அழுத்தி மூடும் எவர்சில்வர் தூக்கில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவைச் செம்பன் தட்டிக் கவிழ்த்துத் திறப்பான்; பாக்கெட்டைப் பல்லால் கிழிப்பான். மழைக்காலத்தில் நமத்துப்போகாமல் இருக்கவும் தூக்குதான் நல்லது.

சின்னச் சின்னதாக ஐந்து வேளை. விடியற்காலை 5-க்கு 8 கிராம், 8.30-க்கு அரைப் பவுச், பிற்பகல் 2-க்கு 8 கிராம், மாலை 7-க்கு மீதிப் பவுச், இரவு 10.30-க்கு 16 கிராம். ஃப்ரிட்ஜில் வைத்த பாதிப் பவுச்சைச் சூடான தண்ணீரில் சில நிமிடம் நிறுத்தி எடுங்கள்; சில்லென்று இருந்தால் மோந்துவிட்டுப் போய்விடும். எறும்புக்குத் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் கிண்ணத்தை வைப்பதோடு நிறுத்துங்கள். எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸ் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள பைரெத்ராய்டு என்னும் பூச்சிமருந்தைப் பூனையின் உடம்பால் எளிதில் கழிக்க முடியாது.

பிடிவாதம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் நாமே கற்றுக்கொடுத்தது. நாலரை மணிக்குக் கத்தினால் தீனி வருகிறது என்று பூனைக்குத் தெரியும், ஆகவே கத்துகிறது. தராமல் நிறுத்தினால் முதலில் கத்தல் கூடும். முகத்தில் கை வைக்கும், மேசைமேல் இருக்கும் மாத்திரைப் பட்டையைத் தள்ளிவிடும், கதவைப் பிராண்டும். ஐந்தாம் நாள் தாங்காமல் எழுந்து போட்டால், ஐந்து நாள் கத்த வேண்டும் என்று கற்றுக்கொள்ளும். முடியாது என்று தோன்றினால் தொடங்காமலேயே இருப்பது நல்லது. எளிய வழி, நேரம் வைத்துத் திறக்கும் தானியங்கித் தீனிப்பெட்டி. அது வந்துவிட்டால் பூனை மனிதரை விட்டுப் பெட்டியின் முன் உட்கார்ந்துகொள்ளும். பெட்டி இல்லாவிட்டால், எழுந்ததும் போடாதீர்கள். பல் தேய்த்து, டிகாக்‌ஷன் இறக்கி, பால் பாக்கெட் எடுத்து வைத்த பிறகு போடுங்கள். நீங்கள் எழுவதற்கும் தீனிக்கும் சம்பந்தம் அறுந்துவிட்டால் எழுப்பும் வேலையும் நிற்கும். செம்பனுக்குப் பன்னிரண்டு இரவுகள் பிடித்தன.

புதுத் தீனிக்கு மாற்றும்போது பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்: கால் பங்கு, அரை, முக்கால், முழுசு. முகம் திருப்பினால் மீன் வேகவைத்த தண்ணீரை உப்பில்லாமல் ஒரு ஸ்பூன் விடுங்கள். சாதாரணத் தீனியை மிகவும் குறைத்தால் புரதமும், பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தும் கூடச் சேர்ந்து குறைந்துவிடும். அந்த நிலையில் எடைக்குறைப்புக்கென்றே தயாரித்த தீனியை மருத்துவர் எழுதித் தருவார்.

பகல் வேளையின் 8 கிராமைத் தட்டில் போடாமல், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தீனித் துண்டைவிடச் சற்றுப் பெரிய மூன்று ஓட்டை போட்டு உள்ளே அடைத்தோம். ஓட்டையின் விளிம்பைத் தேய்த்து மழுக்க வேண்டும். உருட்டினால் ஒன்றிரண்டு விழும். முதல் மூன்று நாள் ஓட்டையைப் பெரிதாக வையுங்கள். உடனே கிடைக்காவிட்டால் கோபித்துக்கொண்டு போய்விடும். கயிற்றில் இறகு கட்டி விளையாட்டு, ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. குண்டுப் பூனைக்கு அதற்கு மேல் மூச்சு வாங்கும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டால் குதித்து இறங்கும் மூட்டு வலி குறையும்.

வீட்டில் இன்னொரு ஒல்லிப் பூனை இருந்தால், அதன் உடம்பு மட்டும் நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டிய அட்டைப்பெட்டிக்குள் அதன் தீனியை வையுங்கள்.

எடை பார்க்க, நாம் ஏறி நிற்கும் மெஷினில் பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று கழிப்பது போதாது. 50 கிராம் மாற்றம் அதில் தெரியாது. 10 கிலோ வரை நிறுக்கும் சமையலறைத் தராசின்மேல் காலி அட்டைப்பெட்டியை வைத்து, பூஜ்ஜியம் ஆக்கிவிட்டுக் காத்திருங்கள். பூனை தானாகவே வந்து உட்காரும். ஞாயிறு காலை, தீனிக்கு முன்.

நாலாவது வாரம் 7.05. பதினாலாவது வாரம் 6.5. அங்கே மூன்று வாரம் அசையவில்லை. இது எல்லாப் பூனைக்கும் வரும். உடம்பு சிறுத்ததும் அதன் தேவையும் சிறுத்துவிடும். முதலில் கசிவைத் தேடினோம்: மாடியில் குடியிருப்பவர்கள் மாலையில் பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தார்கள். சொன்னதும் நிறுத்திவிட்டார்கள். அப்படியும் நகராததால் மருத்துவரிடம் கேட்டு 187-ஐ 170 ஆக்கினோம். நகர்ந்தது.

இடையில் ஒன்றைக் கவனியுங்கள். கடுவன் பூனை லிட்டர் பாக்ஸுக்கு (மலஜலம் கழிக்கும் மணல் தொட்டிக்கு) திரும்பத் திரும்பப் போய் முக்கி, சிறுநீர் வராமல் எழுந்தால், அது மலச்சிக்கல் என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தண்ணீர் அதிகமுள்ள பவுச்சைக் கணக்கில் சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

46-ஆவது வாரம் 5.2. விலா புறங்கைபோலத் தட்டுப்பட்டது; 5-க்கு இழுக்க வேண்டாம் என்றார் மருத்துவர். அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டி, எடை நிலைத்த இடத்தில் நிறுத்தினோம். செம்பனுக்கு அது 220 கிலோகலோரி. டிபன் டப்பாவும் ஞாயிறு எடையும் தொடர்கின்றன. வயிற்று மடிப்பு இன்னும் தொங்குகிறது. வாலடி முடியை மட்டும் அவனே நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறான்.