ஸ்பைடரைத் தூக்கி ஆயில் மாற்ற

முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று சக்கரம் உள்ள பைக்கான கேன்-ஆம் ஸ்பைடர் ஆர்டி 450 கிலோவுக்கு மேல் இருக்கும். தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே நாலரை அங்குலம்தான். சாதாரண கேரேஜ் ஜாக் பல நேரம் உள்ளேயே போகாது. உயரம் குறைந்த டிராலி ஜாக் (சக்கரத்தில் உருளும் ஜாக்) வாங்குங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பார்க்கிங் பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை மட்டும். அதனால் பின்பக்கத்தைத் தூக்கினால் அந்த பிரேக்கால் பயனில்லை. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தே ஆகவேண்டும். முன்பக்கத்தைத் தூக்கும்போது பிரேக்கோடு பின் சக்கரத்தின் இருபுறமும் கட்டை வையுங்கள்.

ஜாக் தலையில் ரப்பர் துண்டு வைத்து, ஃபிரேமில் மட்டும் முட்டுக் கொடுங்கள். ஆயில் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் பகுதி), பிளாஸ்டிக் பக்கம் போகக்கூடாது. வண்டி ஏறும்போது முன்பகுதி வளைவாக நகரும், ஜாக்கும் கூடவே உருள வேண்டும். சரளைத் தரையில் ஜாக்கின் சக்கரம் சிக்கி, ஜாக் தலை ஃபிரேமிலிருந்து வழுக்கிவிடும். கான்கிரீட் தரைதான் சரி. இரண்டு ஜாக் ஸ்டாண்டுகளில் (பாரம் தாங்கும் தாங்கிகளில்) பாரத்தை இறக்கி, வண்டியைக் கையால் அசைத்துப் பார்க்காமல் அடியில் கை நீட்டாதீர்கள்.

மூக்கு உயர்ந்திருந்தால் கொஞ்சம் ஆயில் உள்ளேயே தங்கும். பின்பக்கத்தையும் தூக்கி மட்டப்படுத்துங்கள். 1330 சிசி எஞ்சினில் ஆயிலை வடிக்கும் போல்ட் இரண்டு. கிளட்சும் இதே ஆயிலில்தான் ஓடுகிறது, கார் ஆயில் ஊற்றினால் வழுக்கும். அளவை வண்டி தரையில் நின்றபின், எஞ்சின் சூடாக இருக்கும்போது பாருங்கள்.