செவியடி நோவு

வன்னியில் தாடை மூட்டு நோவோடு யாரும் நேரே பல் வைத்தியரிடம் வருவதில்லை. செவியடி நோகிறதென்றால் காதுதான் என்று ஓபிடிக்குப் போய்ச் சொட்டு மருந்து வாங்குவார்கள். அது கேட்காவிட்டால் பரியாரியாரிடம் எண்ணெய். கடைசியில் ஆராவது "இது பல்லுக் கோளாறு" என்று சொல்லிவிட, எங்கள் கதிரையில் வந்து இருந்து, ஒரு குறையும் இல்லாத கடைவாய்ப்பல்லைத் தொட்டுக் காட்டி, "இதைப் புடுங்கிவிடுங்கோ டொக்டர், நிம்மதியா நித்திரை கொள்ளோணும்" என்பார்கள்.

அவர்களில் பிழையில்லை. மூட்டு இருப்பதே காதுக்கு நேர் முன்னால். நடுவில் மெல்லிய சுவர்தான். சின்னி விரலைக் காதுக்குள் வைத்து வாயைத் திறந்து மூடினால் எலும்பு அசைவது தெரியும். வைத்தியர்களே இதில் குழம்பியிருக்கிறார்கள். அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை வைத்தியர் ஜேம்ஸ் கோஸ்டன் 1934இல் காது நோ, இரைச்சல், தலைச்சுற்று எல்லாவற்றையும் இந்த மூட்டின் தலையில் கட்டினார். கடைவாய்ப்பல் இல்லாமற்போனால் தாடை பின்னுக்குப் போய் நரம்பை அழுத்தும் என்பது அவருடைய விளக்கம். விளக்கம் நிலைக்கவில்லை. கடியைத் திருத்தினால் நோ மாறும் என்று நல்ல பற்களை அராவுகிற பழக்கம் மட்டும் கனகாலம் நிலைத்தது.

மூட்டு வருத்தம் என்று நாங்கள் சொல்வதில் பெரும்பகுதி மூட்டே அல்ல, அதை இயக்கும் தசைகள். நித்திரையில் பல்லை நெருமுகிறவர்கள் காலையில் கன்னம் விறைத்து எழும்புவார்கள். புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) சப்புகிற மாதங்களில் இந்த நோ கொஞ்சம் கூடும் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. எங்கள் தாதி அதை ஒத்துக்கொள்ள மாட்டார், அவருக்குப் புழுக்கொடியல் பிடிக்கும். மூட்டுக்குள் இருக்கிற தட்டு இடம் விலகினால் வாய் திறக்கும்போது 'டிக்' என்று கேட்கும். நோவில்லாத சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லை. நோவிருந்தால் மெதுவான சாப்பாடு, சுடுதண்ணி ஒத்தணம், சில நாள் குளிசை, கொட்டாவி விடும்போது நாடிக்குக் கீழே கைகொடுப்பது, இரவில் பல்லுக்கு ஒரு கவசம். அநேகமானோருக்கு இவ்வளவுமே போதும், சத்திரசிகிச்சை வரைக்கும் போகிறவர்கள் மிகக் குறைவு.

ஆனால் செவியடியில் நோகிறதெல்லாம் இந்தச் சாதுவான வருத்தம் அல்ல. இங்கேதான் எங்கள் பக்கத்தில் ஒரு ஆயத்தப் பதில் காத்திருக்கிறது: யுத்தம். 2009ஐக் கடந்து வந்த மனிசர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், இரவில் நித்திரை இல்லை, பல்லை நெருமுகிறார், ஆகவே மன அழுத்தம், ஆகவே மூட்டு நோ. பல பேரில் அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் முள்ளிவாய்க்காலால் வந்த எவருக்கும் அந்தப் பதில் அப்படியே பொருந்திவிடும். எல்லாருக்கும் பொருந்துகிற காரணத்தை வைத்து ஒருவருடைய வருத்தத்தை எப்படிப் பிரித்தறிவது? மற்ற வைத்தியர் எழுதி அனுப்புகிற துண்டில் "மன அழுத்தம்" என்று கண்டால் நான் முதலிலிருந்து கேட்கத் தொடங்குவேன்.

அறுபது தாண்டிய ஒரு அம்மா அப்படித்தான் வந்தார். சீனி வருத்தம் இருந்தது. மகன் காணாமல் ஆக்கப்பட்டவர். இரண்டு பக்க அலகும் இறுக்குது என்றார். கவலையால்தான் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள், அவரே நம்பியும் இருந்தார். "அம்மா, சாப்பிடேக்கை நோகுதோ?" என்று கேட்டேன். "இல்லைப் பிள்ளை, முறுக்குக்கூடச் சாப்பிடுவன். தண்ணி அள்ளிக்கொண்டு வரேக்கைதான். கொஞ்சம் இருந்தால் விட்டிடும்." மூட்டு நோ வாயை அசைத்தால் கூட வேண்டும். நடந்தால் வந்து, இருந்தால் போகிற அலகு நோ இதயத்துடையது. பெண்களிலும் சீனி வருத்தக்காரரிலும் நெஞ்சு நோகாமலே அது இப்படி வரலாம். வாய்க்குள் பார்க்க முன்னரே ஈசிஜிக்கு அனுப்பினேன். மாரடைப்பாக முற்றாமல் மருந்தோடு நின்றது.

இன்னொரு கூட்டம் இளையவர்கள். "வாய் சின்னனாப் போச்சு, கரண்டி போகுதில்லை" என்று வருவார்கள். சாதாரணமாக வாய் நாற்பது மில்லிமீற்றரளவு திறக்கும். அவரவர் மூன்று விரலை நிமிர்த்தி உள்ளே வைக்க ஏலுமென்றால் பயமில்லை. இவர்களுக்கு இரண்டு விரலும் போகாது. மூட்டை அமத்திப் பார்த்தால் நோவில்லை. கன்னத்தின் உட்பக்கம் விரல் வைத்தால் நைலோன் கயிறு ஓடுவதுபோல் பட்டி பட்டியாகத் தட்டுப்படும், தோல் வெளிறியிருக்கும். உறைப்பு எரியுதோ என்றால் எரியுது என்பார்கள். பாக்குத்தான். வெத்திலையும் புகையிலையும் இல்லாமல் வெறும் பாக்கே இதற்குப் போதும். பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் தீர்ப்புச் சொல்லி இருபது வருசத்துக்கு மேலாகிறது. பஸ் நிலையக் கடைகளில் சரை சரையாக அது தொங்கத்தான் செய்கிறது. இறுகின கன்னம் முழுதாக இளகாது. பாக்கை விட்டால் மேலும் இறுகுவதைத் தடுக்கலாம், புற்றாக மாறுகிறதா என்று காலமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டும். இவர்களிலும் சிலரைத் தாடைப் பயிற்சி செய்யச் சொல்லி மாதக்கணக்காக அலையவிட்டிருக்கிறார்கள், வாய்க்குள் ஒருதரம் விரல் வைத்துப் பார்க்காமல்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். முகம் கழுவினாலோ காற்றுப் பட்டாலோ கரண்ட் அடித்த மாதிரி சில செக்கண் வெட்டிப்போவது முகநரம்பு நோ. அதற்குப் பல் பிடுங்கினால் பல்தான் போகும். சாப்பாடு கண்டவுடன் வீங்குவது உமிழ்நீர்ச் சுரப்பிக் கல். காய்ச்சலோடு கன்னம் வீங்கின பிள்ளைக்குக் கூகைக்கட்டா என்று பார்க்க வேண்டும். ஞானப்பல் சீழ் பிடித்தாலும் வாய் திறக்காது. வாந்திக்குக் குடித்த குளிசையால் இளம் பிள்ளைகளுக்குச் சிலவேளை அலகு ஒரு பக்கம் இழுக்கும். பார்க்கப் பயங்கரம், ஊசி போட்டால் இறங்கிவிடும். சப்பச் சப்ப நொந்து, தலை வாரி இழுக்கும்போதும் நோகிற வயோதிபரை அன்றைக்கே பொது வைத்திய நிபுணரிடம் அனுப்ப வேண்டும், நெற்றிப்பொட்டு இரத்தக்குழாயின் அழற்சி கண் பார்வையைப் பறித்துவிடலாம். ஏற்பு வலி இப்போது அரிது. என்றாலும் வயலில் வேலை செய்கிறவர் அலகு இறுகி வந்தால் காலில் காயம் பட்டதா, ஊசி போட்டதா என்று கேட்காமல் விடுவதில்லை.

யுத்தம் உண்மையிலேயே மூட்டுக்குள் புகுந்தவர்களும் இருக்கிறார்கள், ஆனால் ஒருவரும் சொல்கிற வழியால் அல்ல. 2009இல் நாலைந்து வயதாக இருந்து, பங்கருக்குள் விழுந்தோ ஏதோ அடிபட்டோ நாடியில் காயப்பட்ட பிள்ளைகள் இப்போது இருபதுகளில். நாடியில் பட்ட அடி மூட்டுத் தலையை முறிக்கலாம். சின்ன வயதில் அது கவனிக்கப்படாமல் விட்டால் எலும்போடு எலும்பு ஒட்டிப்போகலாம். ஒட்டினால் வாய் திறக்காது, நாடி வளராமல் அடிபட்ட பக்கம் சரிந்துவிடும். ஒரு பிள்ளையின் தாயிடம் அப்போதே காட்டவில்லையா என்று கேட்டேன். "உயிரோடை வந்ததே பெரிசு டொக்டர், வாயை ஆர் பாத்தது?" அந்தப் பிள்ளையை யாழ் போதனா வைத்தியசாலையின் தாடை, முகச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் அனுப்பினோம்.

மூட்டின் தட்டைப் பார்க்கச் சிறந்தது எம்ஆர்ஐ. வன்னியில் அதற்கொரு தடங்கல் உண்டு: உடம்பில் தங்கிய செல் (எறிகணை) துண்டு. பலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது. அந்தக் காந்தத்துக்குள் இரும்புத் துண்டு அசையலாம், சூடேறலாம். அதனால் முதலில் எக்ஸ்ரே, பிறகுதான் மற்றது. வாய் பாதியில் கொழுவிக்கொண்ட ஒரு பெண்ணின் எக்ஸ்ரேயில் கழுத்துப் பக்கம் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. "அது கிடக்கட்டும், அது நோகேல்லை" என்றார். ஸ்கானை விட்டுவிட்டோம். தட்டு விலகலில் ஸ்கான் பெரும்பாலும் வைத்தியத்தை மாற்றுவதும் இல்லை. ஒத்தணமும் பயிற்சியுமாகச் சில மாதத்தில் மூன்று விரல் போனது. 'டிக்' சத்தம் திரும்பி வரவில்லை, வாய் திறக்கும்போது கொஞ்சம் ஒரு பக்கம் இழுக்கிறது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.