காஸ்கனி: பொய்க்கால் மேய்ப்பர்களும் பைன் காடும்

பிரான்சின் தென்மேற்கில் இருக்கும் காஸ்கனிக்குப் பெயர் கொடுத்தவர்கள் பாஸ்க் மக்களோடு உறவுடைய வாஸ்கோன்கள். ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆங்கிலேய மன்னர்களிடம் இருந்துவிட்டு, 1453இல் பிரான்சின் கைக்கு வந்தது. சரி, போர்க்கதைகள் எங்கும் கிடைக்கும். எனக்குப் பிடித்தது இங்குள்ள லாந்த் பகுதியின் கதை.

மழைக்காலத்தில் நீர் தேங்கிக் கிடந்த மணல்வெளி அது. மேய்ப்பர்கள் பொய்க்காலில் நின்று மந்தையைப் பார்த்துக்கொள்வார்கள். சும்மா நிற்காமல் கம்பளி வேறு பின்னுவார்கள்! ஆட்டு எருதான் வயலுக்கு உரம். 1857இல் மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் வந்த சட்டம், நீரை வடித்து மரம் நடச் சொல்லி ஊர்களைக் கட்டாயப்படுத்தியது. பொது மேய்ச்சல் நிலம் தனியார் கைக்குப் போனது. ஏழைகளிடம் யாரும் கேட்கவில்லை. ஆத்திரத்தில் சிலர் காட்டுக்கே தீ வைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அமெரிக்க உள்நாட்டுப் போர் வந்து, அங்கிருந்து வரும் பிசின் தடைபட்டதால் பைன் பிசின் விலை எகிறியது. நிலம் வாங்கியவர்களுக்கு யோகம். மேய்ப்பர் குடும்பங்களில் பலர் அவர்களுக்குப் பிசின் வடிக்கப் போனார்கள்.

பிசின் தொழிலும் இப்போது இல்லை. மரப்பலகையும் காகிதமும்தான். 1999, 2009 புயல்களில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. அப்புறமும் பெரும்பாலும் பைனைத்தான் நட்டார்கள்.