முதலில் பாதை, அப்புறம்தான் ஊஞ்சல்

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர் ஒன்றியப் பள்ளியில் ஒரு விளையாட்டு இடம் கட்டியிருக்கிறோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு மூலை ஒதுக்கிவிடலாம் என்றார் ஒருவர். சக்கர நாற்காலியில் வரும் நான்காம் வகுப்புப் பெண்ணின் அம்மா எழுந்து, "தனியா உக்கார வைக்கிறதுக்கு அவ வீட்டுலயே இருந்துடலாமே சார்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 16-ஆவது பிரிவும் இதைத்தான் சொல்கிறது: படிப்பு மட்டுமல்ல, விளையாட்டும் மற்ற பிள்ளைகளுக்குச் சமமாகக் கிடைக்க வேண்டும்.

ஊரில் வசூலித்த பணத்தில் பெரும்பகுதி பாதைக்கே போனது, அது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். மணலில் சக்கர நாற்காலியின் முன்சக்கரம் புதைந்துவிடும், அப்புறம் எவ்வளவு நல்ல ஊஞ்சல் இருந்து என்ன பயன்? கிராவல் கொட்டித் திமிசு போட்டு இறுக்கினோம். சாய்தளத்துக்கு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்றதும் கொத்தனார் அண்ணன் நம்பவில்லை, அவர் இதுவரை கட்டியதெல்லாம் வீட்டு வாசலில் பைக் ஏற்றுவதற்கான செங்குத்துச் சாய்வுகள். பிள்ளையை நாற்காலியோடு கூட்டிவந்து ஏற்றிப் பார்க்கச் சொன்னோம், மறுநாள் அவரே நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தார்.

ஊஞ்சலில் ஒன்றுக்கு முதுகுச் சாய்மானமும் பெல்ட்டும் வைத்து வெல்டிங் செய்தோம், பக்கத்திலேயே சாதாரண ஊஞ்சல், இரண்டு பேரும் பேசிக்கொண்டே ஆடலாம். மணல் விளையாட்டுக்குக் கால் வைத்த தொட்டி, நாற்காலி அடியில் நுழையும் உயரத்தில். எல்லாமே புங்கமர நிழலில்தான், வேலூர் வெயிலில் இரும்புச் சறுக்குமரத்தைப் பதினொரு மணிக்குமேல் தொட முடியாது.

விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் வாழ்ந்த மாவட்டம் இது. அவர் முயற்சியில் உருவான மறுவாழ்வு மையம் 1966 முதல் வேலூர் பாகாயத்தில் இயங்குகிறது. அங்கே தேறி வீடு திரும்பும் பிள்ளைகள் நம் பள்ளி வாசற்படியில் நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

அடுத்த வேலை கழிப்பறைக்கு வழி. மே லீவுக்குள் முடிக்க வேண்டும், கொத்தனார் அண்ணனிடம் சொல்லியாச்சு.