கரியரில் இருந்தவன்

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொல்லிச் செயலாளர் மூன்று தரம் ரெலிபோன் எடுத்துவிட்டார். கிரிக்கெட் பற்றியும் பரிசளிப்பு விழா பற்றியும் எழுத என்னைவிடப் பொருத்தமானவர்கள் கனடாவிலேயே நூறு பேர் இருக்கிறார்கள். எந்த அணியிலும் நான் விளையாடியதில்லை, மேடையேறிப் பரிசு வாங்கியதுமில்லை. 1991 தை மாதம் ஆண்டு ஆறில் பாதிக் காற்சட்டையோடு கல்லூரிக்குள் நுழைந்த ஒரு இடம்பெயர்ந்த பெடியன் எப்படி அங்கே நின்றுபிடித்தான் என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் மயிலிட்டி. 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியபோது வலிகாமம் வடக்குப் பகுதி முழுவதுமே எழும்பி நடந்தது. இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று அப்பா வள்ளத்தின் எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துப் பூட்டினார். அந்தத் திறப்பு பல வருடம் அம்மாவின் கொட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. மயிலிட்டித் துறைமுகத்தை இராணுவம் மக்களிடம் திருப்பிக் கொடுத்தது 2017 ஆடியில். அதைப் பார்க்க அப்பா இருக்கவில்லை.

மல்லாகத்தில் கிடுகுக் கொட்டில். அங்கிருந்து கல்லூரிக்கு இரண்டு கட்டைத் தூரம். முதல் மாதம் ஒவ்வொரு திங்கட்கிழமையும் எனக்கு வயிற்றுக்குத்து வரும். அம்மா அதை நம்பவுமில்லை, ஏசவுமில்லை. “போ ராசா, அங்கயெண்டாலும் ஓட்டுக்குக் கீழ இருப்பாய்” என்பார். படித்து ஆளாக வேண்டும் என்றெல்லாம் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கொட்டிலுக்குள் அந்த வெக்கையில் இருந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரணம் என்று தெரியும்.

வயிற்றுக்குத்துக்குக் காரணம் பாடமில்லை. கணக்கு எனக்கு வரும். காரணம் வாங்கு. இரண்டு பேர் இருக்கும் வாங்கில் அந்த வருடம் நாங்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் எப்போதும் வந்தான் வரத்தான். ஒரு பக்கம் வாங்கில், மற்றப் பக்கம் அந்தரத்தில். பக்கத்தில் இருப்பவன் அரக்கினால் இடம் இருக்கும், அரக்காவிட்டால் இல்லை. பிறகு அந்தக் கேள்வி. “எந்த ஊர்?” “மயிலிட்டி.” “மயிலிட்டியில எவடம்?” முதல் கேள்வி சும்மா கேட்பது. இரண்டாவது சாதி அறியத்தான் என்று இந்த மலரை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். பதினொரு வயதுப் பெடியனுக்கும் தெரியும். அதை மறைத்துவிட்டுக் கல்லூரியைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

வகுப்பாசிரியை நல்லவர். ஆனால் முதல் கிழமையே ஒரு காரியம் செய்தார். நிவாரணக் கொப்பிகள் வந்திருந்தன. கணக்கெடுக்க வேண்டும். “முகாமில இருக்கிற பிள்ளையள் எழும்புங்கோ” என்றார். ஏழு பேர் எழும்பினோம். எட்டாவதாக ஒருவன் இருந்தான், அவனும் எங்கள் கொட்டில் வரிசைதான். அவன் எழும்பவில்லை, மேசையைச் சுரண்டிக்கொண்டு இருந்தான். கடைசிவரை அவனுக்குக் கொப்பி கிடைக்கவில்லை. ரீச்சர் அவனைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

எங்களுக்குக் கிடைத்த கொப்பிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நீல மட்டை. மேசையில் வைத்தாலே யார் முகாம் என்று தெரிந்துவிடும். அடுத்த திங்கட்கிழமை ரீச்சர் வந்து, வகுப்பிலுள்ள எல்லோரும் எல்லாக் கொப்பிக்கும் பேப்பர் உறை போட்டுக்கொண்டு வர வேண்டும், போடாதவர் வெளியே நிற்க வேண்டும் என்றார். கண்டிப்பான குரல், காரணம் ஒன்றும் சொல்லவில்லை. பொருளாதாரத் தடையில் பேப்பருக்கே தட்டுப்பாடு. பத்திரிகை கொப்பித் தாளில் அச்சான காலமும் பிறகு வந்தது. இந்த நேரத்தில் இதென்ன பிடிவாதம் என்று வசதியான வீட்டுத் தாய்மார் முணுமுணுத்தார்களாம். செவ்வாய்க்கிழமை ஐம்பது பேரின் கொப்பியும் பழைய செய்திகளைச் சுற்றிக்கொண்டு ஒரே மாதிரிக் கிடந்தன. அதன்பிறகு என்ன விபரம் தேவைப்பட்டாலும் எல்லோரும் துண்டில் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். எழும்பச் சொல்லி அவர் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

இனிச் சைக்கிளுக்கு வருகிறேன்.

என் வாங்கில் நடுவில் இருந்தவனைக் கட்டையன் என்போம். இப்போது இலண்டனில் பெரிய கணக்காளர், பெயர் போட்டால் கோபிப்பான். அவனிடம் தகப்பனின் ரலி சைக்கிள் இருந்தது. ஆனால் கால் எட்டாது, பாருக்குள்ளால் காலை விட்டுத்தான் உழக்குவான். எங்கள் கொட்டிலைத் தாண்டித்தான் அவன் வீடு. ஒருநாள் பள்ளி விட்டுப் போகும்போது பக்கத்தில் நிறுத்தினான். “டேய், சுடலையடியால தனியப் போகப் பயமாக்கிடக்கு. நீ உழக்கிறியா? நான் கரியரில இருக்கிறன்.”

கடற்கரைப் பெடியன், எனக்குக் கால் நீளம். அன்றிலிருந்து சைக்கிள் அவனுடையது, உழக்குவது நான். காலையில் அவன் தட்டுத்தடுமாறிக் கொட்டில் வாசலுக்கு வந்து மணி அடிப்பான். திங்கட்கிழமைகளிலும் அடிப்பான். வயிற்றுக்குத்து என்று படுத்திருந்தால் சைக்கிள் அங்கேயே நிற்கும், அவனும் நிற்பான். குண்டுபோட வரும் பொம்பர் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு மதகுக்குக் கீழே. வந்த விமானம் சியாமாசெட்டியா, சகடையா என்று சத்தத்தை வைத்துப் பந்தயம் பிடிப்போம். அவன் அநேகமாகத் தோற்பான்.

பின்னேரங்களில் அவர்கள் வீட்டு விறாந்தையில் படிப்பு. கரண்ட் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து நாலைந்து கரண்டி மண்ணெண்ணெய் விட்ட விளக்கு. கணக்கு நான் சொல்லிக் கொடுப்பேன், ஆங்கிலம் அவன். அவனுடைய அம்மா புட்டு அவித்தால், “சாப்பிடுறியா தம்பி?” என்று கேட்கமாட்டார். கேட்டால் நான் வேண்டாம் என்பேன் என்று தெரியும். இரண்டு கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். முதலாம் தவணையில் வகுப்பில் முப்பத்தெட்டாம் பிள்ளை, மூன்றாம் தவணையில் ஒன்பதாம் பிள்ளை. இடையில் வாங்கில் எனக்கு முழு இடமும் கிடைத்திருந்தது. எந்த நாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இப்போது ஸ்காபரோவில் ஒரு பாடசாலையில் உதவி ஆசிரியராக வேலை செய்கிறேன். ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், பாதிப் பேர் எங்கெங்கோ இருந்து வந்தவர்கள். சமூக ஆதரவு, பாடசாலை இசைவாக்கம் என்ற சொற்களெல்லாம் நாற்பது வயதில் பயிற்சிப் பட்டறைகளில்தான் எனக்குக் கிடைத்தன. பெற்றோர், ஆசிரியர், கூட்டாளிகள் என்று மூன்று வட்டம் கீறிக் காட்டுவார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் மனவடுவைப் பற்றி அந்தச் சண்டைக்குள் இருந்தே உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ஆராய்ந்து எழுதினார் என்பதையும் இங்கே வந்துதான் அறிந்தேன். வட்டங்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் எங்கள் ரீச்சர் முதல் கிழமை செய்ததும் ஆதரவுதான், இரண்டாம் கிழமை செய்ததும் ஆதரவுதான். படத்தில் இரண்டும் ஒரே வட்டத்துக்குள் விழும். வாங்குபவனை எழுப்பி நிறுத்தாமல் கொடுப்பதற்கு அங்கே கோடு இல்லை.

இதைத் தெரிந்துகொண்டும் நான் தோற்றிருக்கிறேன். சிரியாவிலிருந்து வந்த பெடியன் ஒருவன் மதிய இடைவேளையில் தனியே சுவரோடு நிற்பான். கட்டையன் எனக்குச் செய்ததுபோல அவனுக்கும் ஒரு பொறுப்புக் கொடுத்தால் சரி என்று நினைத்து, நூலகப் புத்தக வண்டியைத் தள்ளக் கொடுத்தேன். இரண்டு நாள் தள்ளினான். மூன்றாம் நாள் வண்டியை என் மேசையடியில் விட்டுவிட்டுச் சுவருக்குப் போய்விட்டான். அந்த வேலைக்கு உண்மையில் அவன் எனக்குத் தேவையில்லை என்று கண்டுபிடித்துவிட்டான்.

போன மார்கழி ஒன்றுகூடலுக்குக் கட்டையன் இலண்டனிலிருந்து வந்திருந்தான். சாப்பாட்டு மேசையில் கேட்டேன். முப்பது வருடமாகக் கேட்க நினைத்தது. “அந்தச் சுடலைக் கதையை உனக்கு ஆர் சொல்லித் தந்தது? ரீச்சரா, அம்மாவா?”

“என்ன கதை?”

“பயமெண்டு சொல்லி என்னைச் சைக்கிளில ஏத்தினது.”

அவன் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “விசரா, உண்மையாத்தான்டா பயம். முதல் வருசம் அவடத்த குண்டு விழேக்க நான் தனிய நிண்டனான். வீட்டில ஒருத்தருக்கும் சொல்லேல்ல. அஞ்சு மாசம் வயல் வரம்பால சுத்தித்தான் பள்ளிக்கூடம் வந்தனான். ஒரு நாள் முழங்கால் மட்டும் சேறு, பிரின்சிப்பலிட்ட அடியும் வாங்கினனான். உனக்கு ஞாபகமில்லையா?”

எனக்கு ஞாபகமில்லை. அந்த நாட்களில் நான் என் வயிற்றுக்குத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரவு அவனை ஹோட்டலுக்குக் கொண்டுபோய் விடுவதற்குக் காரை எடுத்தேன். நல்ல பனி. முன் ஆசனம் வெறுமையாக இருக்க, பின் கதவைத் திறந்து ஏறிக் குந்தினான்.

“ஓட்டு” என்றான்.