பட்டன் போட 11 நிமிடம்

முதியோர் இல்ல நிர்வாகிக்கான பயிற்சியில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. பாதி வகுப்பு, பாதி ஒரு இல்லத்தில் நேரடிப் பயிற்சி. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவள் நான். நிர்வாகம் என்றால் பதிவேடு, சம்பளப் பட்டியல், லைசென்ஸ் புதுப்பிப்பு, ஆய்வுக்கு வருகிறவர்களிடம் நீட்ட வேண்டிய காகிதங்கள் என்றுதான் நினைத்துச் சேர்ந்தேன். அதெல்லாம் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் இந்த நாலு மாதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஷிஃப்ட் அட்டவணை. சுவரில் ஒட்டியிருக்கும் அந்த ஒற்றைக் காகிதம்தான் ஒரு வயதானவர் மனுஷனாக நடத்தப்படுகிறாரா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது என்று இப்போது நம்புகிறேன். எப்படி இந்த நம்பிக்கைக்கு வந்தேன் என்பதை ஆறப்போடாமல் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் வாரமே ஒரு படிவத்தைப் பழகச் சொன்னார்கள். சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவும் 1963-ல் வெளியிட்ட அளவுகோல், இன்றைக்கும் உலகம் முழுக்கப் புழங்குகிறது. ஆறே விஷயம்தான்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய் வருவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. தானே செய்தால் 1, ஆள் துணை வேண்டுமென்றால் 0. மொத்தம் 6. பெரும்பாலும் குளிப்பதற்குத்தான் முதலில் துணை தேவைப்படும், சாப்பிடுவது கடைசி வரைக்கும் கையில் நிற்கும். 1969-ல் லாட்டன், பிரோடி என்ற இருவர் இதற்கு அடுத்த படி ஒன்றைச் சேர்த்தார்கள். போன் பேசுவது, கடைக்குப் போவது, பணத்தைக் கையாள்வது, மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக்கொள்வது என்று எட்டு விஷயம் அதில். ஒருவர் இல்லத்தில் சேரும்போது இதையெல்லாம் போட்டுப் பார்த்துத்தான் அவருக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்று முடிவு செய்கிறோம். அப்புறம் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பப் போட வேண்டும். கேட்க ரொம்ப எளிமையாக இருக்கிறது, இல்லையா?

அந்த இல்லத்தில் 84 வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். விரல் மூட்டுகள் வீங்கியிருக்கும். அவர் ஃபைலில் 'உடை: 0' என்று இருந்தது. ஒரு நாள் காலை, பராமரிப்பாளர் வரத் தாமதமானதால் நான் போய் அவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்தேன். எனக்கு அவரைத் தொட்டு உதவ இன்னும் அனுமதி இல்லை, ஆள் தூக்கும் பயிற்சி முடியவில்லை. அவர் சட்டையை மடியில் போட்டு, ஒரு கையை நுழைத்து, இன்னொரு கையை நுழைத்து, மேல் பட்டனை விட்டுவிட்டுக் கீழிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு பட்டனாக. நடுவில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், 11 நிமிடம். முடித்துவிட்டு, "வந்துடுச்சு பாரும்மா" என்றார்.

அன்று மதியம் பராமரிப்பாளரிடம் கேட்டேன், ஐயா தானே பட்டன் போடுகிறாரே, ஃபைலில் ஏன் 0 என்று. அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பதில் சொன்னாள். "தெரியும் அக்கா. அவர் போட்டு முடிக்கிற வரைக்கும் நான் நின்னா, பக்கத்து ரூம் அம்மா ஈரத்துலயே கிடப்பாங்க."

இதற்கு என்ன பதில் சொல்வது? எனக்குத் தெரியவில்லை, பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் அந்தப் பூஜ்யம் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அது அவர் கைக்குப் போட்ட மதிப்பெண் என்று நினைத்திருந்தேன். எங்கள் காலை ஷிஃப்டுக்குப் போட்ட மதிப்பெண்ணை அவர் பெயரில் எழுதி வைத்திருக்கிறோம். இதில் மோசம் என்னவென்றால், தினமும் யாராவது ஒரு நிமிடத்தில் பட்டன் போட்டுவிட்டுப் போனால், சில மாதத்தில் அந்த விரல்கள் நிஜமாகவே மறந்துவிடும். அப்போது பூஜ்யம் உண்மையாகிவிடும், யாரும் பொய் எழுதியதாகவும் ஆகாது. நோய் கொண்டுவந்த இயலாமை ஒரு பங்கு, அதற்கு மேல் நாம் ஏற்றி வைக்கிற இயலாமை இன்னொரு பங்கு. அந்த இரண்டாவதற்கு வகுப்பில் 'கூடுதல் இயலாமை' என்று பெயர் சொன்னார்கள். பெயர் தெரிந்தபின் போகிற இடமெல்லாம் அதுதான் கண்ணில் படுகிறது. நடக்கக்கூடியவரை நேரம் ஆகிறது என்று வீல்சேரில் தள்ளிக்கொண்டு போவது, சொன்னால் கழிப்பறைக்குப் போகக்கூடியவருக்கு இரவு முழுக்க டயப்பர் கட்டிவிடுவது.

யாரும் கெட்டவர்கள் இல்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

எங்கள் பயிற்றுநர் பல வருடம் ஒரு இல்லத்தை நடத்தியவர். ஒரு நாள் கரும்பலகையில் 168 என்று எழுதிவிட்டு, ஒரு தளத்தில் எந்த நேரமும் ஒரு ஆள் இருக்க வேண்டுமென்றால் எத்தனை பேரை வேலைக்கு எடுப்பீர்கள் என்று கேட்டார். மூணு ஷிஃப்ட், அதனால் மூணு பேர் என்றோம் எல்லோரும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் வேலை செய்தால் 4.2 பேர் வேண்டும். 48 மணி நேரம் என்றால்கூட மூன்றரை. அதற்கு மேல் விடுப்பு, காய்ச்சல், பயிற்சி நாள், வேலையை விட்டுப் போனவர் இடத்துக்குப் புது ஆள் வருகிற வரை உள்ள இடைவெளி, எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர் இல்லாமல் ஒரு இடத்தை நிரப்ப முடியாது. மூன்று பேரை வைத்துக்கொண்டு ஒரு இடத்தை நிரப்பியிருக்கிறேன் என்று சொல்கிற இல்லத்தில் யாரோ ஒருவர் தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் நிற்கிறார், அல்லது அந்த இடம் பல மணி நேரம் காலியாக இருக்கிறது. கணக்குப் பிரிவில் இத்தனை வருடம் இருந்தவள், இந்தக் கணக்கை ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததில்லை.

அன்று இரவே எங்கள் பயிற்சி இல்லத்தின் காலைப் பொழுதை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு தளத்தில் உதவி தேவைப்படுகிறவர்கள் 12 பேர். ஒருவரை எழுப்பி, கழிப்பறை கூட்டிப்போய், முகம் கழுவி, உடை மாற்றி, நாற்காலியில் உட்காரவைக்க அரை மணி நேரம், அதுவும் அவசரப்படாமல் செய்தால்தான் அரை மணி. மொத்தம் 6 மணி நேர வேலை. காலை ஷிஃப்ட் 6 மணிக்கு ஆரம்பம், சாப்பாடு 8 மணிக்கு, இருப்பது இரண்டு பேர். கையில் உள்ளது 4 மணி நேரம். மீதி 2 மணி நேரம் எங்கிருந்து வருகிறது? இரவு ஷிஃப்டில் இருப்பவர்கள் 5 மணிக்கே விளக்கைப் போட்டு எழுப்ப ஆரம்பித்துவிடுகிறார்கள். குளித்து உடுத்தி, ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை தொங்கித் தூங்கிக்கொண்டிருக்கும் நாலைந்து பேரை நான் தினமும் பார்த்திருக்கிறேன். வயதானால் அதிகாலையில் விழிப்பு வந்துவிடும்போல என்று நினைத்திருந்தேன். அவர்களாக விழிக்கவில்லை, நாங்கள் விழிக்க வைத்திருக்கிறோம்.

டிமென்ஷியா உள்ளவர்களிடம் இந்த அவசரம் இன்னும் கொடுமை. டாம் கிட்வுட் என்ற ஆங்கிலேய உளவியலாளர், 1998-ல் இறந்தவர், பராமரிப்பு இடங்களில் மறதி நோயாளிகளின் மனிதத்தன்மையைக் குலைக்கிற பழக்கங்களை வரிசையாகப் பெயரிட்டு எழுதினார். குழந்தை மாதிரி நடத்துவது, ஆள் இருக்கும்போதே இல்லாத மாதிரி அவரைப் பற்றிப் பேசுவது என்று போகும். அதில் ஒன்று, எதிரில் இருப்பவர் புரிந்துகொள்ளக்கூடிய வேகத்தை மீறி நாம் பேசுவதும் செய்வதும். தீய எண்ணம் எதுவும் வேண்டாம், வேகம் போதும் என்று அவர் சொன்னதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். பதிவேட்டில் 'அடிக்கிறார்', 'ஒத்துழைப்பதில்லை' என்று இருந்த குறிப்புகளை நேரம் பார்த்து வரிசைப்படுத்தினேன். கிட்டத்தட்ட எல்லாமே குளிக்கிற நேரம். யாரென்று தெரியாத ஒருவர் வந்து, ஒன்றும் சொல்லாமல் மேல்துணியை உருவி, தலையில் தண்ணீர் ஊற்றினால் நான் என்ன செய்வேன்? நானும் கையை ஓங்குவேன்.

சாப்பாடும் இப்படித்தான். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னச் சின்னதாகக் கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று பார்த்துவிட்டு அடுத்த கரண்டி. ஒருவருக்கே 30, 40 நிமிடம் ஆகிவிடும், முடிந்ததும் உடனே படுக்கவைக்கவும் கூடாது. அவசரப்பட்டால் உணவு மூச்சுக்குழலுக்குள் போய் நிமோனியாவில் முடியும். அப்போது ஆவணத்தில் காரணம் நிமோனியா என்றுதான் இருக்கும், மதிய ஷிஃப்டில் ஒரு ஆள் குறைவு என்று யாரும் எழுதப் போவதில்லை.

படித்ததில் மனதுக்கு நெருக்கமாகிப் போனது எலன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் 1976-ல் வெளியிட்ட ஆய்வு. ஒரே முதியோர் இல்லத்தின் இரண்டு மாடிகள். ஒரு மாடியில் இருப்பவர்களிடம், இங்கே உங்கள் விஷயங்களை நீங்களே முடிவு செய்யலாம் என்று சொல்லி, ஆளுக்கொரு செடியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் கொடுத்தார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றுவது செவிலியர் வேலை என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சந்தோஷமாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்தார்கள். சின்ன ஆய்வுதான், ஒரே ஒரு இல்லம்தான். ஆனாலும் அந்த 11 நிமிடத்துக்குப் பிறகு அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்த எனக்கு இதை நம்புவதில் கஷ்டமே இல்லை.

மற்றப் பாடங்களும் முக்கியம்தான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மருந்தைக் கொடுத்து, அவர் விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து, முன்கூட்டியே வரிசையாகப் போட்டு வைக்கவே கூடாது. நேற்று வரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் மருத்துவரை அழைக்க வேண்டும், சிறுநீர்த் தொற்றோ புது மாத்திரையோ காரணமாக இருக்கலாம். படுக்கைப்புண்ணுக்கு பிரேடன் அளவுகோல், 6 முதல் 23 வரை, எண் குறையக் குறைய ஆபத்து கூடும். எனக்குப் புதிதாக இருந்தது வெந்நீர் விஷயம். தொட்டியில் 60 டிகிரி செல்சியஸ் வைக்காவிட்டால் நிமோனியா உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரக்கூடும், ஆனால் அதே 60 டிகிரி குழாயில் வந்தால் முதியவரின் மெல்லிய தோல் சில விநாடியில் வெந்துவிடும். அதனால் குழாய்க்கு முன்னால் குளிர்நீர் கலக்கிற வால்வு இருக்க வேண்டும், அதை யாராவது தெர்மாமீட்டர் வைத்து அளந்து எழுதவும் வேண்டும். அந்த அளக்கிற நேரமும் அட்டவணையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணை உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதிவிடுவார்கள்.

சரி, பயிற்றுநரிடம் என் கணக்கைக் காட்டினேன். புதிதாக ஆள் கேட்காமல் காலை அட்டவணையை மட்டும் மாற்றி எழுதிப் பார் என்றார், இல்லத்திலும் பேசி இரண்டு வாரத்துக்குச் சம்மதம் வாங்கிக் கொடுத்தார். முதல் வேலையாக 12 பேரிடமும் எத்தனை மணிக்கு எழுந்திருக்கப் பிடிக்கும் என்று கேட்டேன், பேச முடியாதவர்களுக்கு வீட்டாரிடம் கேட்டேன். ஐந்து பேர் ஏழரைக்கு மேல்தான் என்றார்கள். இரண்டு வருடமாக அங்கே இருக்கிற ஒரு அம்மா, இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். அப்புறம் சமையலறை. எட்டு மணிக்கு ஒரே பந்தியாக இல்லாமல் 7 முதல் 9.30 வரை வருகிறவர்களுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டதற்குச் சமையல் பார்க்கிற அண்ணன் ஒத்துக்கொள்ளவே இல்லை, அவர் பாத்திரம் கழுவுகிற கணக்கு அவருக்கு. மதியம் இரண்டு ஷிஃப்டும் சேர்ந்து நிற்கிற நேரத்திலிருந்து ஒருவரைக் காலைக்கு நகர்த்தி, அதில் ஒரு மணி நேரம் சமையலறைக்கு என்று எழுதிய பிறகுதான் இறங்கி வந்தார். மூன்று நாள் ஆனது இதற்கே.

பெரியவரின் ஃபைலையும் திருத்தினோம். 'உடை: தானே உடுத்துவார். மேல் பட்டனுக்கு மட்டும் உதவி. 15 நிமிடம் ஒதுக்கவும், பக்கத்தில் நின்று அவசரப்படுத்த வேண்டாம்.' காட்ஸ் படிவத்தில் இதற்கெல்லாம் இடம் இல்லை, ஓரத்தில் எழுதியிருக்கிறோம்.

பத்து நாள் நன்றாகப் போனது. 5 மணிக்கு விளக்குப் போடவில்லை, ஹாலில் தூங்கி விழுகிறவர்கள் ஒருவர் இரண்டு பேராகக் குறைந்தார்கள். பதினோராவது நாள் காலை ஷிஃப்டில் ஒருவருக்குக் காய்ச்சல், மாற்று ஆள் கிடைக்கவில்லை. நான் போனபோது பெரியவர் எல்லாப் பட்டனும் போட்டு, தலை வாரி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு அந்தப் பொண்ணு போட்டுவிட்டுது, பாவம், ஓடிக்கிட்டே இருந்துது" என்றார்.

இப்போது மாற்று ஆட்கள் பட்டியலோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள் முன்னதாகச் சொன்னால் வரக்கூடியவர்கள் மூன்று பேர், காலை 5 மணிக்குக் கூப்பிட்டாலும் வரக்கூடியவர் ஒருவர்தான். இன்னும் ஒருவராவது வேண்டும்.